சொன்ன நாளில் போன் செய்த தையல்காரி

இந்த வெள்ளிக்கிழமையோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. அடுத்த மாதம் கீழ்வேளூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்கிறேன். ஒன்பது வருடம் இந்த கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள், புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் எதையாவது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். லேசர் கருவியை எப்படிக் கையாள்வது, பாதுகாப்புக் கண்ணாடியை யார் யார் போட வேண்டும், எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்பதெல்லாம் நீல ஃபைலில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். ஃபைலில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அது நான் செய்த தவறு. அவசரத்தில் செய்தது அல்ல. உட்கார்ந்து யோசித்து, எண் போட்டு, அழகாகத் தட்டச்சு செய்து செய்த தவறு.

நான் சேர்ந்த காலத்தில் தஞ்சாவூரில் லேசர் லிபோசக்ஷன் கேட்டு வருபவர்கள் மாதத்துக்கு ஒருவரோ இருவரோ. கதவைப் பாதி திறந்து, "தோல் டாக்டர் இங்கதானே?" என்று வேறு எதற்கோ வந்ததுபோல் கேட்டுக்கொண்டு நுழைவார்கள். இப்போது செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, "இதே மாதிரி, இதே இடுப்பு" என்கிறார்கள். முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் கூட்டம் வருகிறது. சம்பா அறுவடை முடிந்த பிறகு வருகிறது. ராகு காலம் தவிர்த்து நேரம் கேட்கிறார்கள். மார்பைக் குறைத்துக்கொள்ள வரும் கல்யாண மாப்பிள்ளைகள் உண்டு. அறுவடை இயந்திரம் ஓட்டும் ஒருவர், "ஸ்டியரிங் வயித்துல இடிக்குதுங்க" என்று மிகவும் நியாயமான காரணம் சொன்னார்.

தோலுக்கடியில் மெல்லிய இழையை விட்டு, லேசரால் கொழுப்பை இளக்கி உறிஞ்சி எடுக்கிறோம். இது எடை குறைக்கும் வழி அல்ல, உடம்பின் வடிவத்தைத் திருத்தும் வழி. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இதை நீங்கள் தினமும் பத்துத் தடவை சொல்வீர்கள். மற்றதைக் கேட்காதவர்கள்கூட கடைசி வாக்கியத்தைக் கேட்டுவிடுவார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம் என்றால், வீட்டுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம்.

முதல் இரண்டு வருடம் இது எனக்குத் தொல்லையாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாள் தொடர்ந்து போன் செய்து நலம் விசாரிப்பது என் வேலை. மாமனார் எடுப்பார், கணவர் எடுப்பார், நான் பேச முடியாமல் வைத்துவிடுவேன். ஒரு பெண் என்னிடம் வந்து அழுதாள். "உங்க போனாலதான் வீட்ல மாட்டிக்கிட்டேன்" என்றாள். அன்று மாலை உட்கார்ந்து இரண்டு காரியம் செய்தேன்.

முதலாவது, போனில் நாங்கள் யார் என்பது. கிளினிக் என்று சொல்லாமல் தையல் கடை என்று சொல்வது. "பிளவுஸ் சரியா இருக்கா?" என்று கேட்டால், வலி தாங்கும் அளவில் இருந்தால் "சரியா இருக்கு", அதிகமாக இருந்தால் "டைட்டா இருக்கு". பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் பேசிவிடலாம்.

இரண்டாவது, வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு காரணப் பட்டியல். ஐந்து காரணங்கள் எழுதினேன். முதலாவதாக இருந்தது முதுகுப் பிடிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றைச் சுற்றி இறுக்கமான பெல்ட் போட வேண்டும் இல்லையா? முதுகு வலிக்காரர்களும் பெல்ட் போடுவார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மெதுவாக எழுந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் முதுகு வலிக்கும் பொருந்தும். எல்லாக் கேள்விக்கும் விடை இருந்தது. அந்தத் தாளை அச்செடுத்து, மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தோம். வருபவர்கள் சிரித்தார்கள், நன்றி சொன்னார்கள். எங்கள் மேலாளர் என்னைப் பாராட்டினார். நான்கு வருடம் அது ஓடியது.

அதன் பிறகுதான் கும்பகோணத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள்.

முப்பத்து நாலு வயது. குடும்பத்துக்கு ஒரு சேலைக் கடை. கடையில் வியாபாரம் படுத்தபோது, இவள் செல்போனை ஒரு கம்பத்தில் மாட்டி, சேலையைத் தன்மேலேயே சுற்றிக்காட்டி நேரலையில் விற்க ஆரம்பித்தாள். நன்றாகப் பேசுவாள். சில மாதங்களில் கடையைவிட போன் அதிகம் விற்றது. பார்ப்பவர்கள் கீழே எழுதுவார்கள் அல்லவா? ஒருவன் தினமும் வந்து, "அக்கா, சேலை ஆறு கஜம் போதுமா, ஒன்பது கஜம் வேணுமா?" என்று எழுதுவானாம். இன்னொருத்தி, "சேலையைக் காட்டுங்க, தொப்பையைக் காட்டாதீங்க." எங்களிடம் இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சரக்கில் குறை சொல்வதைப்போல் சொன்னாள்.

"கேமராவுல நிக்கிறது நான்தான் மேடம். கடையில வேற யாரும் நிக்க மாட்டாங்க. நின்னு ஆகணும்."

கணவர் சரக்கெடுக்க சூரத் போகும் வாரமாகப் பார்த்துத் தேதி கேட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும். துணைக்குத் தஞ்சாவூரில் இருக்கும் ஒரு பள்ளித் தோழியைக் கூட்டிவந்தாள். முதுகு டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது. விண்ணப்பத்தில், "வீட்டில் யாருக்கும் தெரிவிக்கக் கூடாது" என்ற கட்டத்தில் டிக் போட்டு, அதன் கீழ் ஒரு கோடும் இழுத்தாள்.

ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. மாலை நாலு மணிக்கு நடந்துதான் கார் ஏறினாள். தோழி வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் தஞ்சாவூர் திரும்பிவிட்டாள்.

முதல் நாள் போன் செய்தேன். "சரியா இருக்கு" என்றாள். இரண்டாம் நாளும் "சரியா இருக்கு." குரல் கொஞ்சம் களைப்பாக இருந்தது. நான் படிவத்தில் 'இயல்பு' என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குப் போன் செய்தபோது எடுத்தது வேறு குரல்.

"யாரு?"

"தையல் கடையிலருந்து பேசறேங்க. அக்கா இருக்காங்களா?"

"அவ அசந்து தூங்கறா. என்ன, பிளவுஸ்தானே? நான் அவ மாமியார். என்கிட்ட சொல்லு."

"ஒண்ணும் இல்லைங்க, அப்புறம் பேசறேன். உடம்பு எப்படி இருக்கு அவங்களுக்கு?"

"எங்க? மூணு நாளாப் படுத்தே கெடக்கா. முதுகுப் பிடிப்பாச்சே, நான்தான் அசைய விடல. ராத்திரி எழுந்து நடக்கப் பாத்தா, ஒரு அதட்டு அதட்டிப் படுக்க வச்சேன். சாப்பாடுகூட கட்டில்லதான். இப்ப என்னடான்னா கால் வலிக்குதுங்கறா. ஆடுசதை கல்லு மாதிரி வீங்கிக் கெடக்கு. நல்லெண்ணெய் காய வச்சிருக்கேன். சூடா நாலு இழுப்பு உருவி விட்டா இறங்கிடும்."

நீங்கள் மூவரும் படித்தவர்கள். இந்த இடத்தில் உங்கள் தலைக்குள் ஓடுவதுதான் எனக்கும் ஓடியது. ஆபரேஷனாகி மூன்றாம் நாள். வயிற்றைச் சுற்றி இறுக்கமான பெல்ட். மூன்று நாளாக நடை இல்லை. ஆடுசதையில் வீக்கம், வலி. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். உருவிவிட்டால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். போனால் நான் மறுபடி போன் செய்யும்போது எடுக்க அவள் இருக்க மாட்டாள்.

தெரியாத ஒன்றும் இருந்தது. அதைக் கேட்டேன்.

"ஒரு காலா, ரெண்டு காலுமா?"

அடுப்பில் ஏதோ பொரியும் ஓசை கேட்டது.

"தையல் கடைக்கு எதுக்கும்மா கால் கணக்கு?"

"அம்மா, முதல்ல அந்த எண்ணெயை இறக்கி வைங்க. காலைத் தொடாதீங்க. யாரும் தேய்க்க வேண்டாம். ஒரு காலா, ரெண்டு காலா?"

"இடது கால். யாரு நீ?"

"நர்ஸ்."

"அதானே பாத்தேன். சேலைக் கடைக்காரி நான். முப்பது வருஷமா தையல்காரங்களோட மாரடிக்கிறேன். ஒரு பிளவுஸுக்கு மூணு நாளும் தானா போன் பண்ற தையல்காரி இந்த உலகத்துல கெடையாது. நாமதான் தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் நாயா அலையணும். நேத்தே எனக்கு இடிச்சுது. அவளை என்ன பண்ணீங்க?"

மேஜையில் அவளுடைய விண்ணப்பம் இருந்தது. டிக் போட்ட கட்டம், அதன் கீழ் அவள் இழுத்த கோடு. அந்த வாக்கு என்னுடையது. அதை உடைக்காமல் இருக்க இன்னும் ஒரு வழி இருந்தது. அதை முயன்றேன்.

"அவங்களை எழுப்பிப் போனைக் குடுங்க. அதுக்குள்ள வண்டிக்குச் சொல்லிடுங்க. கும்பகோணத்துலயே ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரியா பாருங்க."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே வரச் சொல்லவில்லை. எங்கள் மேலாளர் அப்போது எதிரே நின்று, கையால் "இங்க, இங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார். இங்கே வந்தால் விஷயம் வெளியே போகாது. ஆனால் இங்கே வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவளிடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் தலையாட்டி மறுத்தேன். அவர் வெளியே போய்விட்டார்.

அவள் போனை வாங்கினாள். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நேற்றே கால் வலித்ததா என்று கேட்டேன்.

"நேத்து சாயந்திரத்துலேர்ந்து. அத்தை பக்கத்துலயே இருந்தாங்க மேடம். பிளவுஸுக்குக் கால் இல்லையே, எப்படிச் சொல்றது?"

எங்கள் சங்கேதத்தில் இரண்டே பதில்கள்தான் வைத்திருந்தேன். இரண்டும் வயிற்றுக்கானவை.

"இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. அங்க என்ன ஆபரேஷன் நடந்ததுன்னு சொல்லியே ஆகணும். முதுகு வலின்னு சொன்னா முதுகுக்குத்தான் மருந்து குடுப்பாங்க. டாக்டர்கிட்ட நான் பேசறேன். அத்தைகிட்ட நீங்க சொல்றீங்களா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல."

போன் கைமாறியது. இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். வயிற்றுக் கொழுப்பை எடுக்கிற ஆபரேஷன் திங்கட்கிழமை இங்கே நடந்தது. அதற்குப் பிறகு நடந்துகொண்டே இருக்க வேண்டும், அது நடக்கவில்லை.

அந்தப் பக்கம் திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"சரி. வேன் வந்துடுச்சு" என்றார். வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு நான் முன்கூட்டியே பேசிவைத்தேன். ஸ்கேனில் இடது காலில் ரத்தக் கட்டி இருந்தது. நுரையீரலுக்குப் போகவில்லை. உடனே மருந்து ஆரம்பித்தார்கள். அங்கிருந்த டாக்டர், வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டாராம். அவள் இல்லை என்றாள். எங்கள் படிவத்திலும் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தாள். மாமியார் குறுக்கிட்டு, "போன வாரம் வரைக்கும் போட்டாளே, எங்க ஊர்க் கும்பாபிஷேகத்துக்காகத் தள்ளிப்போட மாத்திரை நான்தானே வாங்கிக் குடுத்தேன்" என்றார். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை நம் பக்கத்தில் யாரும் மருந்து என்று கணக்கில் வைப்பதில்லை. ரத்தம் கட்டும் வாய்ப்பை அது கூட்டும். இனி அதைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். 'வேறு மருந்து' என்று கேட்டால் வராது.

அன்று மதியம் எங்கள் டாக்டர் அந்தக் காரணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"முதல் காரணத்தை இப்ப யார் யார் சொல்லிட்டு வீட்ல இருக்காங்க?"

அந்த வாரத்து ஃபைல்களை எடுத்து வரிசையாக வைத்தேன். முதுகுப் பிடிப்பு என்று எழுதியிருந்தவர்கள் பாதிக்கு மேல். ஒவ்வொருவரும் வீட்டில் யாராவது ஒருவரின் அக்கறையில், அசையாமல் படுத்திருக்கிறார்கள். நானும் டாக்டரும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு மாலைக்குள் எல்லோருக்கும் போன் செய்தோம். சொந்தப் பெயரில், கிளினிக்கின் பெயரில். நோயாளியே பேசும்வரை விஷயத்தைச் சொல்லவில்லை. மூன்று பேர் எங்கள்மேல் கோபப்பட்டார்கள். ஒருவர் தேதி வாங்கியிருந்த தன் தங்கையை வேறு கிளினிக்குக்கு மாற்றிவிட்டார். மேலாளர் அதை எனக்கு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்.

ஒரு மாதம் கழித்து மாமியார் வந்தார். மருமகளோடு இல்லை, தனியாக. நல்ல உயரம். பட்டுச் சேலையைப் பருத்திச் சேலைபோல் அலட்சியமாகக் கட்டியிருந்தார். கையில் கடைப் பை. வரவேற்பில், "தையல்காரி இருக்காளா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை. எனக்குக் கேட்டது. எழுந்து வந்தேன்.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார்.

"எவ்வளவு நடக்கச் சொல்லியிருந்தீங்க?"

"முழிச்சிருக்கும்போது மணிக்கு ஒரு தடவை. அஞ்சு நிமிஷம் போதும்."

அவர் விரல்விட்டு எண்ணினார். மூன்று நாள் எண்ணி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அத்தனை தடவையும் நான் தடுத்திருக்கேன். அவ எழுந்திருப்பா, நான் படுக்க வைப்பேன். எதுத்துப் பேசாம படுத்துக்குவா. என்ன இது, இவ்வளவு அடக்கமா இருக்காளேன்னு எனக்கே ஆச்சரியம். அன்னிக்கு நீ ஒரு பத்து நிமிஷம் கழிச்சுப் போன் பண்ணியிருந்தா நான் எண்ணெய தேய்ச்சு முடிச்சிருப்பேன். அப்புறம் என்ன நடந்திருந்தாலும், என் கையாலதான் நடந்துச்சுன்னுகூட எனக்குத் தெரிஞ்சிருக்காது. முதுகு வலியில போயிட்டான்னு ஊருக்குச் சொல்லியிருப்பேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டதாகவும் காட்டவில்லை, தள்ளியதாகவும் காட்டவில்லை.

"வயித்தக் குறைக்கணும்னு என்கிட்ட சொல்லியிருந்தா, வேணாம்னு நாலு நாள் சண்டை போட்டிருப்பேன். அஞ்சாவது நாள் கூட வந்திருப்பேன். நடக்கணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா, வாசலுக்கும் கொல்லைக்கும் பம்பரமாட்டம் நடத்தியிருப்பேன். அதட்டறதுதானே? எந்தப் பக்கம் அதட்டணும்னு எனக்கு யாரும் சொல்லல."

மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மாத்திரை தொடர்வதாகவும், நேரலையை மறுபடி ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னார். மகனுக்குத் தெரிந்தது இன்னும் முதுகு வலிதான். அவளாகச் சொல்லும்வரை அப்படியே இருக்கட்டும் என்றார். "இப்ப நான் கூடவே உக்காந்துக்கறேன். ஒன்பது கஜம்னு எழுதறவனைத் தடுத்து வைக்கிறதுக்கு போன்ல ஒரு பட்டன் இருக்காம். கத்துக்கிட்டேன்."

எழுந்தபோது பையிலிருந்து ஒரு வெற்றிலைக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கும்பகோணத்திலிருந்து வெறும் கையோடு வருவது வழக்கமில்லை.

"சொன்ன நாள்ல போன் பண்ற தையல்காரி எங்க கடைக்கு ஒருத்தி வேணும். வர்றியா?" என்றார். சிரிக்கவில்லை. படியிறங்கிப் போனார்.

அன்றுதான் படிவத்தை மாற்றினேன். 'வீட்டில் யாருக்கும் தெரிவிக்கக் கூடாது' என்ற கட்டம் இப்போதும் இருக்கிறது. ரகசியம் காக்க வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை, நோயாளி பேர் சொல்லாத யாரிடமும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஆனால் அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். 'நடக்க வைப்பவர்.' பக்கத்தில் பெயர், போன் எண், கையெழுத்து. கணவராக இருக்க வேண்டும் என்பதில்லை, சொந்தமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. உண்மை தெரிந்தவராக, அந்த மூன்று நாளும் நோயாளியை நேரில் எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். ஒருவர் தன் முடிதிருத்தும் கடைக்காரரின் பெயரை எழுதினார். அடுத்த வீடு என்பதால் ஏற்றுக்கொண்டோம். அவர் மூன்று நாளும் எனக்கு முன்னால் அவரே போன் செய்து, "இன்னிக்கு எட்டுத் தடவை நடந்தாரு சிஸ்டர்" என்றார்.

இந்த வரியைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. மேலாளர் உங்களிடமும் அதைப் பற்றிப் பேசுவார், அந்த வரி எதற்கு என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், நான் இருக்க மாட்டேன். நான் கொடுத்த பதில் எப்போதும் ஒன்றுதான். அந்தக் கும்பகோணத்துப் பெண்ணின் பழைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டுவேன். நீல ஃபைலின் கடைசி உறையில் இருக்கிறது. டிக் போட்ட கட்டமும் கீழே இழுத்த கோடும் அதில் அப்படியே இருக்கின்றன. அந்தக் கோட்டுக்கு அடியில் பிறகு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். படிவம் மாறிய பிறகு மாமியாரோடு மறுபரிசோதனைக்கு வந்தபோது, புதுப் படிவத்தைப் பார்த்துவிட்டு அவள் பழையதைக் கேட்டு வாங்கினாள். 'நடக்க வைப்பவர்' என்று தன் கையால் எழுதி, எதிரே 'அத்தை' என்று போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

அந்த வரி காலியாக இருந்தால் தேதி கொடுக்காதீர்கள்.